வெட் அண்ட் டிரை வேக்யூம் கிளீனர்: மோட்டாரையும் ஆளையும் கெடுக்கும் தவறுகள்

தூசியையும் இழுக்கும், தண்ணீரையும் இழுக்கும் என்று சொல்லி விற்கப்படும் டிரம் வடிவ வேக்யூம் கிளீனர் இப்போது பல வீடுகளுக்கு வந்துவிட்டது. மழைத்தண்ணீர் உள்ளே வந்தாலும், வாஷிங் மெஷின் குழாய் கழன்று ஹால் நனைந்தாலும், டைல்ஸ் வேலை முடிந்து மணலும் சிமெண்டும் கிடந்தாலும் இதைத்தான் எடுக்கிறோம். நல்ல கருவிதான். ஆனால் எதை வேண்டுமானாலும் இழுக்கும் என்ற நம்பிக்கையில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. மோட்டார் உண்மையில் நகர்த்துவது காற்றை மட்டும்தான். தூசியும் தண்ணீரும் அந்தக் காற்றோடு சேர்ந்து வருகின்றன. டேங்குக்குள் வந்ததும் அவை கீழே விழ, காற்று மட்டும் ஃபில்டரைத் தாண்டி வெளியே போக வேண்டும். அந்தக் காற்று போகும் வழியை நினைக்காமல் செய்யும் காரியங்கள்தான் கருவியைக் கெடுக்கின்றன. சில நேரம் ஆளுக்கே ஆபத்தாகிவிடுகின்றன.

முதலில், சாதாரண வேக்யூம் கிளீனரில் தண்ணீர் இழுப்பது. கொஞ்சம்தானே, காபி கொட்டியதுதானே என்று பலர் செய்கிறார்கள். தூசிக்கு மட்டுமான பெரும்பாலான கருவிகளில், உறிஞ்சிய காற்றே மோட்டாருக்குள் புகுந்து, அதைக் குளிர்வித்துவிட்டு வெளியேறும். அந்தக் காற்றில் ஈரம் இருந்தால் அது நேராக மோட்டாரின் காயிலுக்கும், அதன் சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ்ஷுக்கும் போய்ச் சேரும். வெட் அண்ட் டிரை கருவியில் மோட்டாரைக் குளிர்விக்கத் தனிக் காற்று, அழுக்கை இழுக்கத் தனிக் காற்று, இரண்டும் கலக்காது. இந்த அமைப்புதான் இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு, டேங்க் பெரிதா சிறிதா என்பதல்ல. காருக்கென்று வாங்கும் சின்னக் கையடக்கக் கருவிகளையும், தானே ஓடும் ரோபோ கருவிகளையும் வாங்கும்போது தண்ணீர் இழுக்குமா என்று கையேட்டைப் பார்த்துவிடுங்கள். தரையைத் துடைக்கும் ரோபோ என்றால் கொட்டிய தண்ணீரை உறிஞ்சும் என்று அர்த்தமில்லை.

ஃபில்டரை மாற்றாமல் விடுவது

1901-இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், ரயில் பெட்டித் தூசியைக் காற்றால் ஊதித் தள்ளும் கருவி ஒன்றைப் பார்த்துவிட்டு, ஊதுவதற்குப் பதில் ஏன் உறிஞ்சக் கூடாது என்று யோசித்தார். உணவகம் ஒன்றில் இருக்கையின் மேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார் என்றும், துணியின் அடிப்பக்கம் தூசி அப்பியிருந்தது என்றும் சொல்வார்கள். அவர் கட்டிய இயந்திரம் குதிரை வண்டியில் வைத்து இழுத்துப் போகும் அளவுக்குப் பெரியது. தெருவில் நிறுத்தி, நீளமான குழாய்களை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விடுவார்கள். அந்தக் கைக்குட்டை செய்த வேலையைத்தான் இன்றும் ஃபில்டர் செய்கிறது. தூசியைப் பிடித்து வைப்பது அதுதான். அது சரியில்லை என்றால் இந்தக் கருவி தூசியை ஓரிடத்தில் எடுத்து வீடு முழுக்கத் தூவும்.

வெட் அண்ட் டிரை கருவியோடு பொதுவாக இரண்டு வகை ஃபில்டர் வரும். ஸ்பாஞ்ச் மாதிரி இருப்பது தண்ணீருக்கு. மடிப்பு மடிப்பாக இருக்கும் காகித அல்லது துணி ஃபில்டர் தூசிக்கு. சிலவற்றில் டஸ்ட் பேகும் உண்டு. பெட்டியிலிருந்து எடுத்தபோது எது மாட்டியிருந்ததோ அதையே காலம் முழுக்க வைத்திருப்பதுதான் இந்தக் கருவியில் நடக்கும் மிகச் சாதாரணமான தவறு. ஸ்பாஞ்ச்சைப் போட்டுக்கொண்டு தூசி இழுத்தால், நுண்ணிய தூசி அதன் துளைகள் வழியாகவே ஓடிவிடும். காகித ஃபில்டரைப் போட்டுத் தண்ணீர் இழுத்தால் அது ஊறி, அடைத்து, கடைசியில் கிழியும். ஈரமும் உலர்வும் இரண்டையும் தாங்கும் கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் உள்ள மாடல்களும் இருக்கின்றன, ஆனால் அதை உங்கள் மாடலின் கையேடு சொல்ல வேண்டும், நாமாக முடிவுசெய்யக் கூடாது. இன்னொன்று: தண்ணீர் இழுத்த டேங்கைக் காயவிடாமல் உடனே தூசி இழுப்பது. உள்ளே வந்த தூசியெல்லாம் சேறாகி டேங்கிலும் ஹோஸிலும் அப்பிக் காய்ந்துவிடும். அப்புறம் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

கட்டட வேலைத் தூசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சிமெண்ட், சுவர் பட்டி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், கிரானைட் வெட்டிய பொடி, வாசலில் போடும் கல் மாவுக் கோலப்பொடி எல்லாம் நுண்ணிய பொடிகள். டஸ்ட் பேக் இல்லாமல் இழுத்தால் சில நிமிடங்களிலேயே மடிப்புகள் அடைபடும். இழுவை குறைகிறது என்று பார்த்ததும் பலர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். இழுவை உடனே திரும்பிவிடும், அதனால் சரியாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்தப் பொடி அப்படியே விசிறியைத் தாண்டி, பின்பக்க ஓட்டை வழியாக அறைக்குள் வருகிறது. டைல்ஸ், கிரானைட், கான்கிரீட் பொடியில் சிலிக்கா இருக்கிறது. வருடக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரலாம், வந்தால் மாறாது. தினமும் இந்த வேலை செய்பவர்களுக்கு வீட்டுக் கருவி போதாது. நுண்தூசிக்கென்று தரம் பிரித்த, ஐரோப்பியத் தரவரிசையில் ‘எம்’ அல்லது ‘எச்’ என்று குறிக்கப்படும் கருவிதான் வேண்டும். வீட்டில் ஒருநாள் வேலை என்றாலும் டஸ்ட் பேக் போடுங்கள், மாஸ்க் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஃபில்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று சுவரில் ஓங்கி அடிப்பதும், கம்ப்ரஸர் காற்றை மிக நெருக்கமாக வைத்து ஊதுவதும் மடிப்புகளைக் கிழித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத சின்ன ஓட்டையே போதும். கழுவக்கூடிய ஃபில்டர் என்றால் கழுவி, முழுவதும் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். வெயிலில் ஒரு மணி நேரம் வைத்ததும் வெளியே காய்ந்தது போலத் தெரியும், மடிப்பின் உள்ளே ஈரம் இருக்கும். ஒருநாள் முழுக்க நிழலில் விடுவது நல்லது. ஹெப்பா ஃபில்டர் என்று வாங்கினால், 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘ஹெப்பா டைப்’ என்று மட்டும் இருந்தால் அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

தண்ணீர் இழுக்கும்போது

டேங்கின் மேல்பகுதியில் ஒரு கூண்டுக்குள் மிதவை இருக்கும். தண்ணீர் ஏற ஏற அதுவும் ஏறி, ஒரு மட்டத்தில் காற்று வழியை அடைத்துவிடும். அந்த நொடியில் இழுவை நின்று, மோட்டார் சத்தம் உயர்ந்து கீச்சென்று மாறும். அந்தச் சத்தம் கேட்டவுடன் அணைத்துவிட்டு டேங்கைக் காலி செய்ய வேண்டும். மோட்டார் ஓடும் வரை இழுவையே மிதவையை மேலே பிடித்து வைத்திருக்கும், ஆகவே ஆட்டியோ சாய்த்தோ பயனில்லை. சாய்த்தால் தண்ணீர் மோட்டார் பக்கம் தெறிக்கும், அவ்வளவுதான். டிரம்மை ஹோஸைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போது கதவுநிலையில் தடுக்கிச் சாய்வதாலும் இதுவே நடக்கிறது.

மிதவையை நம்பவே முடியாத ஓரிடம் உண்டு: சோப்பு நுரை. நுரைக்கு மிதவையைத் தூக்கும் கனம் கிடையாது. சோபாவையோ கார் சீட்டையோ ஷாம்பு போட்டுத் தேய்த்துவிட்டு இழுக்கும்போது, டேங்கில் தண்ணீர் கால்வாசிதான் இருக்கும், ஆனால் நுரை மேலே வரை நிரம்பி, மிதவையைச் சுற்றிக்கொண்டு விசிறிக்குள் போய்விடும். பின்பக்கம் நுரை வர ஆரம்பித்துவிட்டது என்றால் ஏற்கெனவே தாமதம். இதற்கு நுரையடக்கி மருந்து கிடைக்கிறது, டேங்கில் கொஞ்சம் ஊற்றிவிட்டு ஆரம்பிக்கலாம். இல்லையென்றால் சோப்பைக் குறைத்துப் போட்டு, அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்துக் கொட்டுங்கள்.

நாசிலை முழுக்கத் தண்ணீருக்குள் அமிழ்த்துவதும் தவறு. இதன் காரணம் தெரிந்தால் சம்ப் கழுவும்போதும் உதவும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். வீட்டுக் கருவிகளின் இழுவை பெரும்பாலும் 20 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். அது தண்ணீரைத் தொடர்ச்சியான ஒரே தூணாக ஏறக்குறைய 2 மீட்டர் உயரம்தான் தூக்கும். சம்ப் இரண்டரை மீட்டர் ஆழம், கருவி மேலே தரையில் இருக்கிறது என்றால், நாசிலை முழுக்க அமிழ்த்தும்போது குழாயில் தண்ணீர் பாதி வழியில் நின்றுவிடும். நீளமான ஸ்ட்ராவைப் போட்டு எவ்வளவுதான் உறிஞ்சினாலும் வாய்க்கு வராததைப் போல. நாசிலின் ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டுக் காற்றும் கூட நுழையும்படி பிடித்தால், வேகமான காற்று தண்ணீரைத் துண்டு துண்டாகத் தூக்கிக்கொண்டு மேலே வரும். ஆழமில்லாத பக்கெட்டிலும் இப்படித்தான் பிடிக்க வேண்டும், அப்போதுதான் டேங்க் திடீரென்று நிரம்பி மிதவையில் தண்ணீர் மோதாது. சம்ப்பில் நிறையத் தண்ணீர் இருந்தால் பம்ப் வைத்து இறைத்துவிட்டு, அடியில் தேங்கிய சகதிக்கு மட்டும் இதை வையுங்கள். கருவியையோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸையோ சம்ப்புக்குள் இறக்கவே கூடாது. ஹோஸ் மட்டும்தான் உள்ளே போகலாம். நாள்பட்டு மூடிக்கிடந்த சம்ப்பில் ஆள் இறங்குவதும் ஆபத்து, அங்கே மூச்சுக்குத் தேவையான காற்று இருக்காது.

வேலை முடிந்ததும் ஹோஸைத் தூக்கிப் பிடித்து அதில் நிற்கும் தண்ணீரை டேங்குக்குள் வடியவிட்டு, பிறகு அணையுங்கள். 20 லிட்டர் டேங்க் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. வடிகால் குழாய் இல்லாத மாடலில் பாதி நிரம்பியதுமே கொட்டிவிடுவது முதுகுக்கு நல்லது.

இழுக்கவே கூடாதவை

பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய், டர்பன்டைன், ஸ்பிரிட். கேரேஜில் கொட்டியதைத் தண்ணீரோடு தண்ணீராக இழுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். இந்த மோட்டார்களில் சுழலும் பகுதியோடு கார்பன் பிரஷ் உரசும்போது சின்னச் சின்னப் பொறி பறந்துகொண்டேதான் இருக்கும். டேங்கில் சேரும் ஆவி தீப்பற்ற அது போதும். வீட்டுக் கருவி எதுவும் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. மணலோ மரத்தூளோ போட்டு ஊறவைத்து வாருகோலால் அள்ளுவதுதான் வழி.

தீபாவளிக்கு மறுநாள் மாடியில் கிடக்கும் பட்டாசுக் குப்பையும் இதே வகைதான். அதில் வெடிக்காத மருந்து இருக்கும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும் காகிதமும் இருக்கலாம். இரண்டையும் உலர்ந்த தூசி நிறைந்த டேங்கில் போட்டு, வேகமான காற்றையும் கொடுத்தால் தீ மூட்டிய மாதிரிதான். தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டி அள்ளுங்கள். கொசுவத்திச் சாம்பல், ஊதுபத்திச் சாம்பல், சாம்பிராணிக் கரி எல்லாம் ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும் உள்ளே சூடு இருக்கலாம்.

உடைந்த டியூப் லைட், சி.எஃப்.எல். பல்பின் கண்ணாடியையும் இழுக்க வேண்டாம். அவற்றில் இருக்கும் கொஞ்சம் பாதரசம், கருவியின் சூடான காற்றில் ஆவியாகி அறை முழுக்கப் பரவும். ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் கொஞ்ச நேரம் வெளியே இருந்து, பிறகு கெட்டி அட்டையால் அள்ளி, மிச்சத்தை ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுக்கலாம்.

மின்சாரம்

1400 வாட் கருவி 230 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் எடுக்கும். டி.வி.க்கும் சார்ஜருக்கும் வைத்திருக்கும் மெல்லிய ஒயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு அதுதான் உச்ச வரம்பு. அதைச் சுருட்டியபடியே வைத்துக்கொண்டு ஓட்டினால் ஒயர் சூடாகி உருகும். 16 ஆம்பியர் பாயிண்ட்டில் நேரடியாகச் சொருகுங்கள், எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் அடாப்டர் போடாதீர்கள். தண்ணீர் வேலை என்றால், மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருப்பது அவசியம். வெள்ளத்தண்ணீர் பிளக் பாயிண்ட் மட்டத்துக்கு வந்துவிட்டது என்றால் இந்தக் கருவியை நினைக்கவே கூடாது. மெயினை அணைத்து, தண்ணீர் வடிந்து, எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் எதையும் சொருக வேண்டும்.

வாட் அதிகமென்றால் இழுவை அதிகம் என்று நினைத்து வாங்குவதும் தவறுதான். வாட் என்பது கருவி எடுக்கும் மின்சாரம். ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் வீட்டு வேக்யூம் கிளீனர்களுக்கு 1600 வாட் என்றும், 2017-இல் 900 வாட் என்றும் வரம்பு வைத்தது. அதற்குள்ளேயே நன்றாக இழுக்கும் கருவிகள் அங்கே விற்பனையாகின்றன. இழுவை எத்தனை கிலோபாஸ்கல், நொடிக்கு எத்தனை லிட்டர் காற்று என்ற இரண்டு எண்களையும் கேளுங்கள். ஒன்று மட்டும் பெரிதாக இருந்து பயனில்லை.

கடைசியாக, மழை வெள்ளம் இழுத்த கருவியை அப்படியே மூலையில் வைத்துவிடுவது. அந்தத் தண்ணீரில் சாக்கடையும் எலிச் சிறுநீரும் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் பரவும் வழி அது. இழுக்கும்போதே ரப்பர் பூட்ஸும் கையுறையும் வேண்டும். முடிந்ததும் டேங்க், ஹோஸ், நாசில், மிதவைக் கூண்டு எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, அப்புறம் பிளீச்சிங் பவுடர் கரைசலில் அலசுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். எல்லாவற்றையும் மாட்டி, காலி டேங்கோடு 5 நிமிடம் ஓட்டினால் ஹோஸின் உள்ளே இருக்கும் ஈரமும் போகும். பிறகு மூடியைத் திறந்தபடியே, ஹோஸைத் தொங்கவிட்டு வையுங்கள். இதற்கிடையில் மோட்டாருக்குள் தண்ணீர் போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால், ஓடுகிறதா என்று ஸ்விட்ச் போட்டுப் பார்க்காமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். நனைந்த மோட்டாரைக் காயவைத்துக் காப்பாற்ற முடியும். நனைந்தபடியே ஓடி காயில் கருகிவிட்டால் புது மோட்டார்தான்.