பஸ் கேபிளில் கிளை பிரிக்காதீர்கள்

போன வாரம் வேலைக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பஸ் கேபிளை (கட்டடத்தின் ஏசி மாதிரியான சாதனங்களை இயக்கும் கண்ட்ரோலர்களை ஒன்றோடொன்று பேச வைக்கும் வயர்) வெட்டி, மூன்று முனைகளையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிக்கொண்டிருந்தான். "அந்த ரூமுக்கு ஒரே ஒரு கிளைதானே சார்" என்றான். என் முதல் ப்ராஜெக்டில் நானும் இதையேதான் சொன்னேன்.

ப்ளஸ், மைனஸை மாற்றிப் போட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். உடனே தெரியாத தவறுகள்தான் ஆளைக் கொல்லும்.

கிளை

கண்ட்ரோலர்கள் பேசும் மொழியான பாக்நெட் எம்எஸ்/டிபி ஓடுவது ஆர்எஸ்-485 என்ற வயர் இணைப்பின் மேல். அந்த வயர் ஒரு கண்ட்ரோலரின் டெர்மினலுக்கு வந்து, அங்கிருந்தே கிளம்பி அடுத்ததுக்குப் போக வேண்டும். நடுவில் கிளை விட்டால் சிக்னல் அதன் கடைசி முனையில் மோதித் திரும்பி, பின்னால் வரும் சிக்னலைக் கெடுக்கும்.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது, இது ஆரம்பத்தில் ஒழுங்காக வேலை செய்வதுதான். நாலைந்து கண்ட்ரோலரை வைத்து விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் டெஸ்ட் செய்தேன், எல்லாம் சரி. மொத்தத்தையும் இணைத்து 76800க்கு ஏற்றியதும் ஒவ்வொன்றாக ஆஃப்லைன் போய்ப் போய் வந்தன. கண்ட்ரோலர் பழுது என்று நினைத்து மூன்றை மாற்றினேன். அப்புறம் "முனையில் 120 ஓம்" என்று படித்துவிட்டு எல்லாக் கிளை முனையிலும், சிக்னல் மோதித் திரும்பாமல் உறிஞ்சும் அந்த ரெசிஸ்டரைப் போட்டேன். நிலைமை இன்னும் மோசமானது.

பவரை அணைத்து ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 24 ஓம். ஐந்து 120 ஓம் பேரலலாக உட்கார்ந்திருந்தன! மொத்த கேபிளின் இரண்டு கடைசி முனைகளில் மட்டும் இருந்தால் 60க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். சிக்னலை அனுப்பும் 485 டிரைவர் சிப்புக்கு ஸ்டாண்டர்டு சொல்லும் லோடே 54 ஓம்தான்; 24ஐ அது எப்படி இழுக்கும்? சீலிங்கைத் திரும்பப் பிரித்து, ஒவ்வொரு கிளைக்கும் போக ஒரு கேபிள், வர ஒரு கேபிள் என்று மாற்ற மூன்று இரவு ஆனது. கிளை இல்லாமல் முடியவே முடியாது என்றால் சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் ரிப்பீட்டர் போடுங்கள்.

ஷீல்டு

கேபிளுக்குள் வயர்களைச் சுற்றியிருக்கும் உலோக உறைக்கு ஒரு முனையில் மட்டும் எர்த். நடுவில் வரும் கண்ட்ரோலர்களிடம் இரண்டு ஷீல்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, எதிலும் படாமல் டேப் சுற்றுங்கள்.

24 வோல்ட் ஏசி

ஹாஃப்-வேவ் கண்ட்ரோலர்கள் (பவராக வரும் ஏசியின் பாதி அலையை மட்டும் எடுப்பவை) இரண்டு ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருந்தால், ஒன்றில் மட்டும் வயரை மாற்றிப் போட்டாலும் ஷார்ட். நிறம் பார்த்துப் போடுங்கள்.

மேக்ஸ் மாஸ்டர்

பஸ்ஸில் எந்த எண் வரை கண்ட்ரோலர்களைத் தேட வேண்டும் என்ற செட்டிங் இது. அட்ரஸ் இந்த எண்ணைத் தாண்டினால் அந்த கண்ட்ரோலரை யாரும் தேடவே மாட்டார்கள்.

பஸ் கேபிளை விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில்

வேண்டாம்.