நாலு பாயிண்ட் இருந்தால் உள்ளே போயாச்சா?

கால்பந்தில் நான்கு நான்கு அணிகளாகப் பிரிந்து ஆடும் குழுச் சுற்றின் கடைசி நாளில், எந்த அணி அடுத்த சுற்றுக்குப் போகும் என்று கணக்குப் போட நாம் எல்லோருமே திடீர்க் கணக்குப்பிள்ளைகள். அன்று அதிகம் காதில் விழுவது, "நாலு பாயிண்ட் இருக்கு, உள்ளே போயாச்சு." போகவில்லை. 2022 உலகக் கோப்பையில் ஜெர்மனி, உருகுவே, மெக்சிகோ மூன்றும் 4 புள்ளியோடுதான் ஊருக்குக் கிளம்பின. ஐரோப்பிய நாடுகளுக்கான 2024 யூரோ கோப்பை இன்னும் கொடுமை: ஒரே குழுவில் நான்கு அணிக்கும் 4 புள்ளி, அதில் கடைசியில் நின்ற உக்ரைன் அவுட், வேறொரு குழுவில் மூன்று ஆட்டத்தையும் டிரா செய்து 3 புள்ளி மட்டும் எடுத்த ஸ்லோவேனியா, மூன்றாம் இடம் பிடித்த அணிகளில் சிறந்தவற்றுக்கும் இடம் உண்டு என்ற கணக்கில் உள்ளே.

அடுத்த தவறு, எல்லாப் போட்டிக்கும் ஒரே விதி என்று நினைப்பது. 2022 உலகக் கோப்பை வரை புள்ளி சமமானால் முதலில் கோல் வித்தியாசம்தான், அதாவது போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் வருவது. யூரோவில் அந்த அணிகள் தங்களுக்குள் மோதிய ஆட்டத்தின் முடிவு முந்திக்கொள்ளும். 2026-இல் உலகக் கோப்பையை நடத்தும் ஃபிஃபாவும் அந்தப் பக்கம் வந்துவிட்டது. மூன்று அணிகள் சமமாக நின்றால் நான்காவது அணியை வெளுத்து வாங்கிய 5-0 எல்லாம் அந்த முதல் கட்டத்தில் செல்லாது, இதைத்தான் பலர் மறந்துவிட்டுச் சண்டைக்கு வருகிறார்கள்.

தவறாக ஆடினால் நடுவர் எச்சரித்துக் காட்டும் மஞ்சள் அட்டையையும் அலட்சியம் செய்யாதீர்கள். 2018 உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் எல்லாவற்றிலும் சமம், நேருக்கு நேர் ஆட்டமும் 2-2. ஜப்பானுக்கு 4 அட்டை, செனகலுக்கு 6. அவ்வளவுதான், செனகல் வெளியே. போலந்திடம் 0-1 என்று தோற்றுக்கொண்டே ஜப்பான் கடைசி நிமிடங்களில் பந்தைத் தங்களுக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு மைதானத்தில் செனகல் ஒரு கோல் போட்டிருந்தால் ஜப்பானின் மானம் போயிருக்கும்.

அதனால் ஒரு ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கொண்டாடக் கூடாது. 2022-இல் கானாவுக்கு எதிராக உருகுவே முதல் பாதியிலேயே 2-0, நிம்மதி. அதே நேரம் இன்னொரு மைதானத்தில் போர்ச்சுகலுக்கு எதிராகத் தென் கொரியா 91-ஆவது நிமிடத்தில் 2-1 ஆக்கியது. இருவருக்கும் 4 புள்ளி, கோல் வித்தியாசம் இருவருக்கும் பூஜ்யம். ஆனால் கொரியா போட்டது 4 கோல், உருகுவே 2, அதனால் கொரியா முன்னே. உருகுவேக்கு இன்னும் ஒரே ஒரு கோல் வேண்டும், மிச்சம் இருந்ததோ சில நிமிடம்.