அமெரிக்கப் பழைய காரை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்து பதிவு செய்வது எப்படி

அமெரிக்காவில் விற்பனைக்கு நிற்கும் 1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை வாங்கி ஜெர்மனியின் சாலையில் ஓட்ட விரும்புபவர், போனட்டைத் திறக்கும் முன்பே காரின் காகிதங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட வேண்டும். இந்தப் பயணத்தில் மூன்று இடங்களில் காரை நிறுத்திச் சோதிப்பார்கள். அமெரிக்கச் சுங்கம் காரின் உரிமையாளர் யார் என்று பார்க்கும்; ஐரோப்பியச் சுங்கம் கார் பிறந்த நிலையிலேயே இருக்கிறதா என்று பார்க்கும்; பதிவுக்கு முந்தைய தொழில்நுட்பச் சோதனை அது சாலையில் பாதுகாப்பாக ஓடுமா என்று பார்க்கும். மூன்றுக்குமான விடைகள் காரிலும் அதன் காகிதங்களிலும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன. பணம் அனுப்பும் முன்பு அவற்றைப் படித்துக்கொள்பவருக்குப் பின்னால் அலைச்சல் குறைவு. ஜெர்மனியை முதன்மையாக வைத்தே இதை எழுதுகிறேன். பிற நாடுகளின் முக்கியமான வேறுபாடுகளைப் பின்னர் சொல்கிறேன்.

உரிமைக்கான சான்று டைட்டில் எனப்படும் ஆவணம். அதில் இருக்கும் பெயரும் உங்களுக்கு விற்பவரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால், இடையில் கை மாறிய ஒவ்வொரு விற்பனைக்கும் எழுத்துச் சான்று கேளுங்கள். கடன் கொடுத்த வங்கியின் பெயர் டைட்டிலில் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் வரும்வரை காத்திருங்கள். உதிரிபாகங்களுக்கு மட்டும் உரியது, உடைப்புக்குப் போனது என்று முத்திரையிட்ட டைட்டில் கொண்ட காரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். எல்லா மாநிலங்களிலும் எல்லாக் கார்களுக்கும் டைட்டில் உண்டு என்று எண்ணிவிடவும் கூடாது. நியூயார்க் மாநிலத்தில் 1972 வரையிலான மாடல்களுக்கு டைட்டில் கிடையாது. கைமாற்றத்தக்க பதிவுச் சான்றே அங்கு உரிமை ஆவணம். அத்தகைய காருக்கு அந்தச் சான்றின் மூலப்பிரதியும், இருவரும் கையெழுத்திட்ட விற்பனை ரசீதும் வேண்டும். ஏற்றுமதிக்கு முன்பு வண்டியும் ஆவணமும் குறைந்தது 72 மணி நேரம் முன்னதாக அமெரிக்கச் சுங்கத்தின் பார்வைக்குப் போக வேண்டும் என்பது விதி. பின்னர் ஜெர்மன் பதிவு அலுவலகமும் அதே மூலப்பிரதியைக் கேட்கும். ஆகவே அதைச் சாதாரணத் தபாலில் அனுப்பச் சொல்லாதீர்கள்.

அடுத்தது காரின் அடையாள எண். உலகம் முழுவதும் இன்று வழங்கும் 17 இலக்க எண் 1981ஆம் ஆண்டு மாடல்களில்தான் அமெரிக்காவில் கட்டாயமானது. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறை வைத்திருந்தது. 1966 மஸ்டாங்கில் ஓட்டுநர் பக்க முன்சக்கரத்துக்கு மேலே, எஞ்சின் அறையின் உள்தகட்டில் எண் குத்தப்பட்டிருக்கும். மட்கார்டின் மடிப்பில் வெட்டிய சிறு இடைவெளி வழியாக அதைப் படிக்கலாம். முதல் இலக்கம் 6 என்றால் 1966 மாடல். அடுத்து எஃப் என்ற எழுத்து வந்தால் டியர்பார்ன் தொழிற்சாலை, ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் மெட்டச்சன். பிறகு 07 என்றால் கூரை உள்ள இரண்டு கதவு வண்டி, 08 என்றால் கூரை மடியும் வண்டி, 09 என்றால் கூரை பின்னோக்கிச் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக். ஐந்தாம் இடத்தில் இருக்கும் எழுத்து எஞ்சினைச் சொல்லும்: சி என்றால் 289 கன அங்குல வி8, டி (T) என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர். விற்பவரிடம் இந்த எண்ணின் தெளிவான படத்தையும், ஓட்டுநர் கதவில் உள்ள தகட்டின் படத்தையும் கேளுங்கள். இரண்டும் டைட்டிலில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். டைட்டிலில் ஒரு இலக்கம் தவறாகத் தட்டச்சாகியிருந்தால்கூட அதை அந்த மாநில அலுவலகத்தில் விற்பவரே திருத்தித் தருவதுதான் சரி. கார் கடல் தாண்டிய பிறகு அந்த ஒரு இலக்கம் மாதக்கணக்கில் உங்களை அலைக்கழிக்கும்.

ஐந்தாம் எழுத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் சுங்கவரி. சாதாரணப் பயணிகள் காருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கத்தீர்வை நெடுங்காலமாக 10 விழுக்காடு. அதன்மேல் ஜெர்மனியில் 19 விழுக்காடு இறக்குமதி மதிப்புக்கூட்டு வரி. ஆனால் சுங்கப் பட்டியலில் வரலாற்று மதிப்புள்ள சேகரிப்புப் பொருள் என்ற 9705ஆம் தலைப்பின் கீழ் கார் ஏற்கப்பட்டால் சுங்கத்தீர்வையே இல்லை. மதிப்புக்கூட்டு வரியும் 7 விழுக்காடுதான். காரின் விலை, கப்பல் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்து 30,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். முதல் வழியில் தீர்வை 3,000 யூரோ, அதையும் சேர்த்த 33,000 யூரோவுக்கு மதிப்புக்கூட்டு வரி 6,270 யூரோ, ஆக மொத்தம் 9,270 யூரோ. இரண்டாம் வழியில் 2,100 யூரோ மட்டுமே.

அந்தச் சலுகைக்குக் கார் குறைந்தது 30 ஆண்டு பழையதாகவும், உற்பத்தி நின்றுபோன மாடலாகவும், சேசிஸ், பாடி, ஸ்டீயரிங், பிரேக், கியர் அமைப்பு, சஸ்பென்ஷன், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் பிறந்த நிலையிலும் இருக்க வேண்டும். பழுது பார்த்ததும் புதுப்பித்ததும் குற்றமில்லை. தேய்ந்த பாகத்துக்குப் பதிலாக அதே வகைப் பாகத்தைப் போட்டதும் குற்றமில்லை. நவீனப்படுத்தியதுதான் குற்றம். எனக்குத் தெரிந்த ஒருவர் வி8 எஞ்சினின் முழக்கத்தில் மயங்கி ஒரு மஸ்டாங்கை வாங்கினார். காரின் எண்ணில் ஐந்தாம் இடத்தில் டி இருந்தது. ஆறு சிலிண்டரோடு பிறந்த கார் அது. யாரோ பிற்காலத்தில் எஞ்சினை மாற்றி, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் போட்டிருந்தார்கள். சுங்க அதிகாரி அந்த எண்ணைப் படித்த நிமிடமே சலுகை போய்விட்டது. அதே காரை ஜெர்மன் தொழில்நுட்பச் சோதனையாளர் வேறு கண்ணோடு பார்த்தார்: அந்தக் காலத்தில் வழக்கத்தில் இருந்த மாற்றத்தை அவர் ஏற்றுக்கொள்ளலாம், நல்ல பிரேக்கை அவர் குறை சொல்வதில்லை. ஒரே மாற்றம் ஓரிடத்தில் நிறை, இன்னோரிடத்தில் குறை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, மாற்றம் செய்த கார் வேண்டுமென்றால் முழு வரியையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றம் செய்யாத கார் என்றால் படங்கள், பழைய ரசீதுகள், ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கை ஆகியவற்றைத் திரட்டி, கப்பல் வரும் முன்பே கிளியரிங் ஏஜெண்டிடம் கொடுத்துவிடுங்கள். இவை ஒன்றும் வேண்டாத ஒரு வழியும் உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குறைந்தது 12 மாதம் வசித்து, காரைக் குறைந்தது 6 மாதம் சொந்தமாகப் பயன்படுத்திவிட்டுக் குடிபெயர்பவர், அதை வீட்டுப்பொருளோடு வரியின்றிக் கொண்டுவரலாம், ஆனால் 12 மாதத்துக்கு விற்கக் கூடாது.

துருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பனிக்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் வடகிழக்கு மாநிலங்களின் கார்கள் அடியிலிருந்து அரித்திருக்கும். கலிஃபோர்னியா, அரிசோனா கார்களின் இரும்பு பெரும்பாலும் நன்றாக இருக்கும். வெயிலில் ரப்பரும் இருக்கை உறையும்தான் பொடிந்துபோகும். ரப்பரைப் புதிதாக வாங்கிவிடலாம். மஸ்டாங்கில் முன்கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் பெட்டி துருப்பிடித்து ஓட்டையாகும் இடம். ஆனால் அது வெளியே தெரியாது. அதனால் வைப்பருக்குக் கீழுள்ள துளைகளில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு, உள்ளே இருபக்கமும் கால் வைக்கும் இடத்தில் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் வந்தால் பெரிய வேலை காத்திருக்கிறது. பாடியில் துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தால், பட்டி பூசி மறைத்த இடத்தில் அது ஒட்டாது. நேரில் போக முடியாதவர் உள்ளூர் மதிப்பீட்டாளர் ஒருவருக்குக் கூலி கொடுத்து இவற்றைச் செய்விக்கலாம். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

கப்பலில் இரண்டு வழி. ரோ-ரோ கப்பலில் துறைமுக ஊழியர் காரை ஓட்டி ஏற்றி ஓட்டி இறக்குவார். ஆகவே கார் தானே ஸ்டார்ட் ஆகி, ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வேலை செய்ய வேண்டும், உள்ளே உதிரிபாகம் எதையும் வைக்க முடியாது. கண்டெய்னரில் கட்டி அனுப்பினால் செலவு கூடுமென்றாலும் வெளியாள் கை குறைவாகப் படும். ஓடாத காரையும் அனுப்பலாம். நான் கண்டெய்னரையே விரும்புவேன். பெட்ரோலைக் கிட்டத்தட்ட காலியாக்கி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஏற்றும் முன் நான்கு பக்கமும் அடிப்பகுதியும் படமெடுத்து வையுங்கள். காப்பீட்டை முழு இழப்புக்கு மட்டும் எடுத்தால் கீறலுக்கும் நசுங்கலுக்கும் ஒன்றும் கிடைக்காது. கார் பிரேமர்ஹாஃபனில் இறங்கினால் ஜெர்மன் சுங்கத்திலேயே வேலை முடியும். ராட்டர்டாமில் இறங்கி அங்கேயே வரி கட்டினாலும் ஜெர்மனியில் மறுபடி சுங்கத்தீர்வை கட்ட வேண்டியதில்லை. எங்கே கட்டினாலும் வரி தீர்ந்ததற்கான சுங்கச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள்; அது இல்லாமல் பதிவு நடக்காது.

ஐரோப்பாவில் எப்போதும் பதிவாகாத கார் என்பதால், ஜெர்மனியில் அதற்கு வாகன அனுமதி விதிகளின் (StVZO) 21ஆம் பிரிவின்படி தனி ஆய்வு அறிக்கை வேண்டும். இதை டூஃப், டெக்ரா போன்ற அமைப்புகளின் பொறியாளர் செய்வார். அதே நாளில் 23ஆம் பிரிவின்படி பழமை வண்டி அறிக்கையையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதுதான் எச் எழுத்து கொண்ட எண்தகட்டைப் பெற்றுத் தரும். எச் தகடு உள்ள காருக்கு ஆண்டு வரி 191.73 யூரோ மட்டுமே. அது இல்லாத, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத பெட்ரோல் காருக்கு ஒவ்வொரு 100 கன சென்டிமீட்டருக்கும் 25.36 யூரோ என்பதால், 4.7 லிட்டர் மஸ்டாங்குக்கு ஏறத்தாழ 1,200 யூரோ ஆகும். சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள்ளும் எச் தகட்டோடு ஸ்டிக்கர் இல்லாமல் போகலாம்.

ஆய்வில் அதிகம் சிக்குவது விளக்குகள். அமெரிக்க ஹெட்லைட் முழுவதும் மூடிய ஒரே துண்டு; அதன் டிம் ஒளி ஐரோப்பிய விதி கேட்பதுபோல் வலப்பக்க ஓரத்தை நோக்கி உயர்ந்து விழாது. மஸ்டாங்கின் 7 அங்குல வட்ட விளக்குக்குப் பதிலாக, ஐரோப்பிய ஒப்புதலைக் காட்டும் ஈ (E) முத்திரையும் உள்ளே சிறு வெள்ளை பார்க்கிங் பல்பும் கொண்ட எச்4 விளக்கைப் பொருத்தலாம். அப்போது ஸ்விட்ச் வழியாகப் போகாமல் விளக்குக்கு நேரடியாக மின்சாரம் விடும் ரிலேயும் சேர்த்துப் போடுங்கள். 1966 மஸ்டாங்கில் ஹெட்லைட்டின் மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டில் உள்ள ஸ்விட்ச் வழியாகவே போகிறது. அந்த ஸ்விட்சுக்குள் சூடேறினால் தானே துண்டித்துக்கொள்ளும் அமைப்பும் இருக்கிறது. எச்4 பல்பு கூடுதல் மின்சாரம் இழுப்பதால், இருட்டில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டு விளக்கும் அணைந்து, சில நொடி கழித்து மீண்டும் எரியும். பின்பக்கச் சிவப்பு இண்டிகேட்டர், 1970 ஜனவரி 1க்கு முன்பு முதலில் பதிவான காருக்கு ஜெர்மனியில் செல்லும். பிந்தைய காருக்கு மஞ்சள் வேண்டும். ஆதலால் 1969 இறுதியில் விற்ற 1970 மாடலுக்கு முதல் பதிவுத் தேதியின் சான்று பொன்னானது. அபாய விளக்கு இல்லாத காரில் அதைத் தனியே சேர்க்க வேண்டும்.

விதி கேட்காவிட்டாலும் பிரேக்கைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. மஸ்டாங்குக்கு இரட்டைச் சுற்று பிரேக் 1967 மாடலில்தான் வந்தது. அதற்கு முந்தையதில் ஒரு ரப்பர் குழாய் வெடித்தாலே நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். குழாய்கள், சிலிண்டர்கள், திரவம் எல்லாவற்றையும் புதிதாக்காமல் முதல் கிலோமீட்டரைக்கூட ஓட்டாதீர்கள். பெட்ரோல் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள்.

பிரான்சில் 30 ஆண்டு கடந்த காருக்கு எஃப்எஃப்விஇ என்ற பழமை வாகனக் கூட்டமைப்பின் சான்று கிடைத்தால், சேகரிப்பாளர் பதிவுச் சான்று பெறலாம். இறக்குமதி மதிப்புக்கூட்டு வரி அங்கே 5.5 விழுக்காடு. சுவீடனில் பதிவுச் சோதனைக்கு முன் போக்குவரத்து ஆணையம் காரின் பூர்விகத்தைச் சரிபார்க்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத பிரிட்டனில், கார் வந்த 14 நாளுக்குள், அது வந்ததை வரித்துறைக்குத் தெரிவிக்கும் நோவா அறிவிப்பைப் பதிய வேண்டும்.

ஜெர்மன் பதிவு அலுவலகத்துக்குப் போகும் நாளில் டைட்டில், விற்பனை ரசீது, சுங்கச் சான்று, இரு ஆய்வு அறிக்கைகள், காப்பீட்டு நிறுவனம் தந்த மின்னணு உறுதி எண், வரிக்கான வங்கி ஒப்புதல், அடையாள அட்டை ஆகியவற்றை மூலப்பிரதியாக எடுத்துச் செல்லுங்கள். டைட்டிலை அலுவலகம் வைத்துக்கொள்ளவோ செல்லாததாக்கவோ கூடும் என்பதால், முன்பே அதைப் படியெடுத்து வையுங்கள். எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது அவசரம் வேண்டாம். அமெரிக்க காரின் பின்புறப் பள்ளம் 12 அங்குல நீளத் தகட்டுக்காகச் செய்யப்பட்டது. ஜெர்மனியின் வழக்கமான தகடோ 52 சென்டிமீட்டர். எச் எழுத்தும் ஓர் இடத்தைப் பிடிக்கும். அதனால் பள்ளத்தின் நீள அகலத்தை முந்தின நாளே அளந்து குறித்துக்கொண்டுபோய், ஓர் எழுத்தும் ஒன்றிரண்டு இலக்கமும் மட்டுமே கொண்ட சிறிய எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் பம்பரில் புதுத் துளை போடாமலே தகட்டை மாட்டிவிடலாம்.