மீட்டிங் முடிந்த பின் கோலாலம்பூர்: முதல் தடவை போகிறவருக்கு

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் ஏறத்தாழ 4 மணி நேரம். காரைக்குடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போக இதைவிட அதிக நேரம் ஆகிறது. ஆபீஸ் வேலையாகப் போகிறேன் என்றதும் அப்பத்தா, "மலாயாவுக்கா போறே? பத்துமலை முருகனைப் பாக்காம வந்திராதப்பா" என்றது. 4 நாள் இருந்துவிட்டு, ஹோட்டல் ஜன்னலையும் ஒரு பாக்டரியையும் மட்டும் பார்த்துத் திரும்பினேன். அப்பத்தா இரண்டு நாள் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த தடவைதான் ஊரைப் பார்த்தேன். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: ஐந்தொகை போடுங்கள்

எங்கள் பக்கம் வட்டிக்கடை வைத்திருந்தவர்கள் ஐந்தொகை, அதாவது வரவு செலவைச் சரிபார்க்கும் இருப்புக் கணக்கு, போட்டுப் பார்க்காமல் கணக்கை மூட மாட்டார்கள். நீங்கள் உங்கள் மணிகளுக்குப் போடுங்கள். ஒரு தாளில் ஒவ்வொரு நாளும் வேலை முடியும் நேரத்தை எழுதி, அதோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். மீட்டிங் சொன்ன நேரத்தில் முடியாது. இதை நம்பாமல் ஓர் உயரமான கட்டடத்தின் மேலே ஏற மாலை 6 மணிக்கு முன்கூட்டியே சீட்டு வாங்கினேன். 6 மணிக்கு நான் இன்னும் வால்வு விலை பேசிக்கொண்டிருந்தேன். சீட்டுப் பணம் போனதுதான்.

அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே காலை 7 மணி என்றால் உங்கள் உடம்புக்கு விடியற்காலை நாலரை. அதனால் "காலையில் சீக்கிரம் எழுந்து சுற்றிவிட்டு மீட்டிங் போகலாம்" என்ற திட்டம் முதல் இரண்டு நாளுக்கு நடக்காது. ஆனால் இரவு 10 மணி நமக்கு ஏழரைதான், தூக்கமே வராது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர் என்பதால் ஆண்டு முழுக்க இருட்டுவதற்கு ஏழு, ஏழேகால் ஆகிவிடும். ஆகவே உங்கள் உண்மையான வரவு சாயங்காலம்தான். பிற்பகலில் இடியோடு மழை கொட்டும் நாட்கள் நிறைய. பையில் குடை இருக்கட்டும்.

இரண்டாவது: டிக்கெட் போடும் முன் கேளுங்கள்

வேலை வெள்ளிக்கிழமை முடிகிறது என்றால், திரும்பும் டிக்கெட்டை ஞாயிற்றுக்கிழமைக்குப் போட முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். கூடுதல் நாளின் அறை வாடகையும் சாப்பாடும் உங்கள் செலவு. இதை மெயிலில் எழுதி வாங்கிக்கொண்டால் பிறகு கணக்குப் பிரிவில் தகராறு வராது. எந்த விசாவில் போகிறீர்கள் என்பதையும் அவர்களிடமே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும்.

இன்னொன்று, நம் ஊர் உருண்டைப் பின் பிளக் அங்கே பொருந்தாது. தட்டையான மூன்று பின் கொண்ட அடாப்டர் ஒன்று வாங்கிப் போங்கள். இல்லையென்றால் போனில் உயிர் இருக்காது, மேப்பும் இருக்காது.

மூன்றாவது: இறங்கியதும்

விமான நிலையம் நகரத்திலிருந்து வெகுதூரம். விரைவு ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல், நகரத்தின் பெரிய ரயில் நிலையம். அங்கே 'டச் அண்ட் கோ' அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் நகர ரயில்களுக்கெல்லாம் அது ஒன்றே போதும். ரிங்கிட்டை விமான நிலையத்தில் கொஞ்சமாக மாற்றி, மீதியை ஊருக்குள் மாற்றுங்கள். இரண்டு மலாய்ச் சொற்கள் தெரிந்தால் நல்லது: 'மாசோக்' உள்ளே, 'கெலுவார்' வெளியே.

நான்காவது: முதல் சாயங்காலம் பழைய ஊருக்கு

எல்லாரும் இரட்டைக் கோபுரத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்குங்கள். வெளியே வந்தால் கிள்ளான், கோம்பாக் என்ற இரண்டு ஆறுகள் சேரும் முனையில் 1909-இல் கட்டிய பள்ளிவாசல் நிற்கும். 'கோலாலம்பூர்' என்றால் சேற்று ஆற்றுமுகம் என்று பொருள். ஊருக்குப் பெயர் வந்த இடம் இதுதான்.

அங்கிருந்து சில நிமிட நடையில் லெபோ அம்பாங் தெரு. நம் செட்டியார்கள் பெட்டியடியை, அதாவது கணக்குப்பெட்டி மேசையை, முன்னால் வைத்து உட்கார்ந்து வட்டிக்குக் கொடுத்த தெரு இது. கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் வளவும் பட்டாலையுமாகப் பெரிய வீடுகள் கட்டிய பணத்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட தெருக்களிலிருந்து கப்பலேறி வந்ததுதான். பெரிதாக எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள், பழைய கடைவீடுகள்தான் இருக்கும். ஆனால் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்ய, போனவர்கள் கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த நடைபாதையில் ஐந்து நிமிடம் சும்மா நிற்கத் தோன்றும். எனக்குத் தோன்றியது.

ஆற்றைத் தாண்டினால் மெர்டேகா சதுக்கம். 1957 ஆகஸ்ட் 31 பிறந்த நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது இங்கேதான். எதிரே மணிக்கூண்டோடு இருப்பது 1897-இல் முடிந்த சுல்தான் அப்துல் சமத் கட்டடம். விளக்கு போட்ட பிறகு பாருங்கள். அப்புறம் தெற்கே பசார் செனி சந்தை வழியாக நடந்தால் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 1873-இல் ஏற்பட்டது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இந்த வாசலிலிருந்துதான்.

பசித்தால் மாமாக் கடை. நம் தமிழ் முஸ்லிம்கள் நடத்துவது. 'மாமா' என்று கூப்பிட்டுத்தான் அந்தப் பெயரே வந்தது என்பார்கள். பல கடைகள் இரவு முழுக்கத் திறந்திருக்கும். ரொட்டி சானாய் கேளுங்கள், நம் பரோட்டாவுக்குப் பங்காளி. கூட ஒரு 'தே தாரிக்', அதாவது ஆற்றிய டீ. பெரும்பாலும் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம்.

இரட்டைக் கோபுரம்? இரண்டாம் நாள் சாயங்காலம் கே.எல்.சி.சி. பூங்காவில் உட்கார்ந்து கீழிருந்தே பாருங்கள். 452 மீட்டர், 88 மாடி. மேலே ஏறுவதைக் கூடுதல் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது: கூடுதல் நாள், பத்துமலை

கே.எல். சென்ட்ரலில் கம்யூட்டர் ரயில் ஏறினால் அந்தத் தடத்தின் கடைசி நிலையமே பத்துமலை. ரயில்கள் அடிக்கடி கிடையாது. திரும்பும் நேரத்தை இறங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். 42.7 மீட்டர் முருகன் சிலை 2006-இல் எழுந்தது. பின்னால் 272 படிகள், 2018-இல் வண்ணம் பூசியவை. குன்றக்குடியில் ஏறிப் பழகிய காலுக்கு இது பெரிய விஷயமில்லை, ஆனால் படிகள் செங்குத்து. குரங்குகள் கையிலிருக்கும் பையைப் பிடுங்கும். தேங்காய் பழத்தை வெளியே தெரிய எடுத்துப் போகாதீர்கள். முழங்கால் மறையும் உடை வேண்டும்.

ஆறாவது: மூட்டை கட்டுதல்

ஆபீஸ் ரசீதுகளையும் சொந்த ரசீதுகளையும் வேறு வேறு உறையில் போடுங்கள். வீட்டுக்கு என்ன வாங்குவது என்று குழம்ப வேண்டாம்: கோடாலித் தைலம். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியை விட மாட்டார்கள், அதனால் பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டி வையுங்கள். ஒரு டஜன் வாங்கினேன். அப்பத்தா நான்கு புட்டியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பத்துமலைத் திருநீறு எங்கே என்று கேட்டது. நல்லவேளை, அது சட்டைப் பையில் இருந்தது.