10 சதவீதம் என்றார்கள், கணக்கு 18க்குப் பக்கத்தில் நின்றது

பைக்குக்கு 1 லட்சம் கடன், 36 மாதம், 10 சதவீத வட்டி. தவணை 3,611 ரூபாய் என்று ஷோரூமில் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் எக்செல்லில் தவணையைக் கணக்கிடும் பிஎம்டி (PMT) ஃபார்முலா போட்டால் 10,334 வந்தது! வருட வட்டியை 12ஆல் வகுக்காமல் போட்டிருக்கிறேன். வகுத்ததும் 3,227. அப்போதும் 384 ரூபாய் இடித்தது.

ராத்திரி பதினொரு மணிக்குத்தான் பொறி தட்டியது. அவர்கள் சொன்னது ஃப்ளாட் வட்டி. அதாவது அசல் மாதாமாதம் குறைந்தாலும், மூன்று வருடமும் முழு 1 லட்சத்துக்கே வட்டி: 30,000. அதைச் சேர்த்து 36ஆல் வகுத்தால் சரியாக 3,611.

அப்புறம் உண்மையான வட்டியைப் பார்க்க ரேட் ஃபார்முலா: 36, -3611, 100000, விடையை 12ஆல் பெருக்க வேண்டும். தவணைக்கு முன்னால் கழித்தல் குறி போடாவிட்டால் பிழைதான் வரும், நான் இரண்டு முறை மாட்டினேன். கிடைத்தது ஏறக்குறைய 17.9 சதவீதம்.

நல்லவேளை, கையெழுத்துப் போடவில்லை. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் 12 சதவீதம் என்றார்கள். கேட்க அதிகம்தான். ஆனால் குறையும் நிலுவைக்கு மட்டுமே வட்டி என்பதால் தவணை 3,321. அங்கேயே வாங்கிவிட்டேன்.