தஞ்சையில் ஓவியச் சுவர்களுக்கு நடுவே ஒரு கட்டில்

ஹாஸ்டல் என்றதும் கல்லூரி விடுதிதான் நினைவுக்கு வரும். பயணிகளுக்கான ஹாஸ்டலிலோ பெரும்பாலும் அறைக்கு அல்லாமல் கட்டிலுக்கே வாடகை தருகிறோம் என்பதால், தஞ்சாவூரில் அப்படியோர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சுவரின் வண்ணத்தைவிட மின்விசிறிக் காற்று உங்கள் கட்டிலை எட்டுகிறதா என்பதையே முதலில் பாருங்கள். முதியவர் உடன் வந்தால் கீழ்க்கட்டிலை முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். லாக்கருக்குச் சொந்தப் பூட்டு நல்லது.

ஓவியம் தீட்டிய சுவரை ஒட்டி ஈரத்துண்டை உலர்த்த வேண்டாம். நான் ஒருமுறை அப்படிச் செய்ய, விடிந்தபோது மயிலின் கழுத்து நீலம் துண்டில் ஏறியிருந்தது.

கூடத்தில் தஞ்சாவூர் ஓவியம் மாட்டியிருந்தால் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: பலகையில் ஒட்டிய துணியின்மேல் பசைக்கலவையால் மேடாக்கி, கல் பதித்து, தங்கத்தாள் ஒட்டிய வேலை சாய்வான வெளிச்சத்தில்தான் நன்கு புலப்படும், அச்சுப்படமோ தட்டையாகவே தெரியும்.

1010இல் முதலாம் இராசராசன் கட்டி முடித்த பெரிய கோயிலுக்குக் காலையிலேயே புறப்படுங்கள், ஏனெனில் வெயில் ஏறிவிட்டால் கல்தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. நடை சாத்தும் நண்பகலை அரண்மனைக் கலைக்கூடத்துச் சோழர் செப்புத்திருமேனிகளுக்கு ஒதுக்கலாம். இரவு தாமதமாகத் திரும்புவதாயின், வாயிற்கதவு பூட்டும் நேரத்தை வரவேற்பில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.