கர்ப்பகால நீரிழிவும் தாவர ஸ்டெராலும்: எதை, எவ்வளவு, எப்படிச் சேர்ப்பது?

தாவர ஸ்டெரால் நிறைந்த உணவு உண்ணும் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு குறைவாக வருகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. இதைப் படித்ததும் பலர் தேடுவது மாத்திரையைத்தான். கர்ப்ப காலத்தில் அந்த மாத்திரை வேண்டாம், உணவே போதும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தையும் வழியையும் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் செல்களின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருப்பதைப் போலத் தாவரங்களின் செல் சவ்வில் இருப்பவை தாவர ஸ்டெரால்கள். உணவில் அதிகம் காணப்படுபவை பீட்டா-சிட்டோஸ்டெரால், கேம்பெஸ்டெரால், ஸ்டிக்மாஸ்டெரால். அமைப்பில் கொலஸ்ட்ராலை ஒத்திருப்பதால், குடலில் அது உறிஞ்சப்படும்போது இவை குறுக்கே நிற்கின்றன. ஆனால் உண்ட ஸ்டெராலில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே ரத்தத்தில் சேர்கிறது. நாளொன்றுக்கு 2 கிராம் எடுத்துக்கொண்டால் எல்டிஎல் எனப்படும் 'கெட்ட' கொலஸ்ட்ரால் சுமார் 8 முதல் 10 சதவீதம் குறையும். இது நன்கு நிறுவப்பட்ட செய்தி.

சர்க்கரை விஷயத்தில் இவ்வளவு உறுதி இல்லை. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மந்தமாக்குகின்றன. கணையம் அதற்கு ஈடாகக் கூடுதல் இன்சுலின் சுரக்க முடியாதபோது ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. ஸ்டெரால் அதிகம் உண்பவர்கள் பெரும்பாலும் முழுத்தானியமும் பருப்பும் கொட்டைகளும் அதிகம் உண்பவர்கள்; நார்ச்சத்தும் மக்னீசியமும் நல்ல கொழுப்பும் அவர்களுக்குச் சேர்ந்தே கிடைக்கின்றன. பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. உணவாக உண்பவருக்கு அப்படிப் பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை. மாத்திரை வாங்குபவருக்கோ அந்த ஒன்று மட்டும்தான் கிடைக்கிறது.

படி 2: பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்

வழக்கமாக 24 முதல் 28 வாரங்களுக்குள் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்துப் பரிசோதிப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு வரையறைப்படி ஒரு டெசிலிட்டருக்கு வெறும் வயிற்றில் 92 மில்லிகிராம், ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 ஆகியவை எல்லைகள். இவற்றில் ஒன்றை எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு. சில நாடுகளில் முறையும் அளவும் மாறும். முந்தைய கர்ப்பத்தில் நீரிழிவு வந்தவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ நீரிழிவு உள்ளவர்கள், உடல் எடை கூடியவர்கள், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். உணவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பரிசோதனைக்கு அது மாற்றாகாது.

படி 3: இப்போது சமையலறைக்கு வாருங்கள்

சாதாரண உணவில் நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை தாவர ஸ்டெரால் கிடைக்கிறது. இதைக் கூட்டுவது கடினமான வேலையல்ல.

முதலில் எண்ணெய். தவிட்டு எண்ணெயிலும் சோள எண்ணெயிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் ஸ்டெரால் உண்டு. நல்லெண்ணெயும் இவற்றுக்கு அருகில் வரும். தேங்காய் எண்ணெயிலும் பாமாயிலிலும் மிகக் குறைவு. இதைப் படித்துவிட்டு எண்ணெயை அதிகம் ஊற்றிவிடாதீர்கள்! ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. அளவைக் கூட்டாமல் வகையை மட்டும் மாற்றுங்கள்.

அடுத்து விதைகளும் கொட்டைகளும். 100 கிராம் எள்ளில் 400 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்கும். பிஸ்தாவிலும் சூரியகாந்தி விதையிலும் 270 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். நிலக்கடலை, பாதாம், வால்நட் ஆகியவையும் நல்லவை. நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி, அதாவது சுமார் 30 கிராம், உப்போ சர்க்கரையோ சேர்க்காமல் உண்ணலாம். ஒவ்வாமை உள்ளவர்கள் இதை விட்டுவிடுங்கள். எண்ணெய், தானியம், பருப்பு வழியாகவே போதுமானது கிடைக்கும்.

தானியத்தில் ஸ்டெரால் செறிந்திருப்பது தவிட்டிலும் முளைக்கருவிலும்தான். தீட்டும்போது இரண்டும் போய்விடுகின்றன, கூடவே நார்ச்சத்தும் போகிறது. அதனால் தீட்டாத தானியத்துக்கு மாறுவதுதான் இந்தப் பட்டியலிலேயே எனக்கு மிகவும் பிடித்த மாற்றம்: ஸ்டெரால் கூடுகிறது, சர்க்கரை ஏறும் வேகமும் பொதுவாகக் குறைகிறது. ஒரே நாளில் மாறினால் வயிறு உப்பும். முதலில் ஒரு வேளை, பிறகு இரண்டு வேளை என்று மாறுங்கள். பருப்பையும் பயறுகளையும் தினமும் ஒரு வேளையாவது சேருங்கள்.

படி 4: மாவுச்சத்தைப் பிரித்து உண்ணுங்கள்

சாப்பிட்டதும் சர்க்கரையை ஏற்றுவது மாவுச்சத்து. தட்டு நிறைய மாவுச்சத்தை வைத்துக்கொண்டு மேலே எள் தூவுவதால் பயனில்லை. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பெரிய வேளைகளைச் சிறியதாக்கி, இடையில் சிற்றுண்டி சேருங்கள். மருத்துவர் தடை சொல்லாவிட்டால், சாப்பிட்ட பிறகு 10 முதல் 15 நிமிடம் நடங்கள்.

படி 5: ஸ்டெரால் செறிவூட்டிய பொருள்களைத் தவிருங்கள்

ஸ்டெரால் சேர்த்த மார்கரின், தயிர், பால், மாத்திரை எல்லாம் சந்தையில் உண்டு. இவை கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஏற்றவையாக இல்லாமல் இருக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் லேபிளில் அச்சிட்டே ஆக வேண்டும். வளரும் கருவுக்குக் கொலஸ்ட்ரால் தேவை. கர்ப்பத்தில் தாயின் ரத்தத்தில் அது கூடுவது இயல்பு. மேலும், செறிவூட்டிய அளவுகளில் ஸ்டெரால் எடுத்தால், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் அளவும் ரத்தத்தில் குறையும். சிட்டோஸ்டெரோலீமியா என்ற அரிய மரபணுக் கோளாறு உள்ளவர்களின் உடலில் தாவர ஸ்டெரால் தேங்கிவிடும். அவர்கள் இந்த உணவுமுறையையே பின்பற்றக் கூடாது.

ஏற்கெனவே நீரிழிவு கண்டறியப்பட்டிருந்தால், இந்த மாற்றங்களை மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். உணவும் நடையும் மட்டும் போதாமல் இன்சுலின் தேவைப்படலாம். அது உங்கள் தவறல்ல. நஞ்சுக்கொடி ஹார்மோன்களின் வேகம் அப்படி. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் சர்க்கரை இயல்புக்குத் திரும்பிவிடும். ஆனாலும் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்து கூடுதலாகவே இருக்கும் என்பதால், பிரசவமான 6 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.